பெனி ஹசன் சுவரின் மல்லர்கள்: ஒரே ஆட்டத்தின் தொடர்ச்சியா, தனித்தனிப் பிடிகளா?

நைல்கரை (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களுக்கு வணக்கம். பண்டைய எகிப்தின் மற்போர் ஓவியங்களைப் பல மாதங்களாகப் பார்த்துவருகிறேன். ஒரு கேள்வி மனத்தை விட்டு அகலவில்லை என்பதால் இங்கே வைக்கிறேன்.

நடு எகிப்தில், மின்யா நகருக்குத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில், நைல் ஆற்றின் கிழக்குக் கரையில் எழும் சுண்ணாம்புக்கல் குன்றில் பெனி ஹசன் குடைவரைக் கல்லறைகள் உள்ளன. மேல் தளத்தில் உள்ள 39 கல்லறைகளில் பெரியவை, வெள்ளை ஓரிக்ஸ் மானைச் சின்னமாகக் கொண்ட அம்மாவட்டத்தின் ஆளுநர்களுக்கு உரியவை. 15ஆம் எண் கல்லறை மூன்றாம் பாகெத் என்பவருடையது. அதன் கிழக்குச் சுவரில், வரிசை வரிசையாக, சுமார் 220 இணை மல்லர்கள் தீட்டப்பட்டிருக்கிறார்கள். அவருடைய மகன் கெத்தியின் 17ஆம் கல்லறையில் ஏறத்தாழ 120 இணைகள் உள்ளன. பின்னர் வந்த அமெனெம்ஹத்தின் 2ஆம் கல்லறையில் 59 இணைகள் உள்ளன. இன்றைக்கு நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன், ஒரு விளையாட்டை இத்தனை நிலைகளில் வரைந்து வைத்த வேறொரு சுவரை நான் அறியேன்.

என் கருத்து இதுதான்: இவை ஒரே இரு மனிதர்களின் ஒரே ஆட்டம். தொடக்கத்தில் மல்லன் இடுப்புக் கச்சையைக் கட்டிக்கொள்கிறான். பிறகு இருவரும் நெருங்குகிறார்கள், கைகள் தேடுகின்றன, பிடி விழுகிறது, ஒருவன் தூக்கப்படுகிறான், தரையில் புரள்கிறார்கள். திரைப்படச் சுருளைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒட்டியதுபோல் எனக்குத் தோன்றுகிறது. இக்கருத்து நிற்குமா என்று மற்போர் அறிந்தவர்களும் ஓவியம் அறிந்தவர்களும் சொல்ல வேண்டுகிறேன்.

கோதாமண்

நைல்கரை அவர்களே, இளமையில் பத்து ஆண்டுகள் கோதாவில் இறங்கிப் பயின்றவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். எகிப்தியலில் எனக்குப் பயிற்சி இல்லை. ஆயினும் மனித உடல் எங்கும் ஒன்றே என்பதால், அந்தச் சுவரில் நடப்பதை என்னால் பெரும்பாலும் படிக்க முடிகிறது.

படங்களைப் பெரிதாக்கி ஒரு வரிசையை இணை இணையாகப் பார்த்தேன். தாங்கள் சொல்லும் தொடர்ச்சி சில இடங்களில் உண்மையாகவே இருக்கிறது. ஒருவன் எதிராளியின் காலைப் பற்றுவான், அடுத்த இணையில் அந்தக் கால் உயர்ந்திருக்கும், அதற்கடுத்ததில் எதிராளி நிலை குலைந்திருப்பான். மூன்று நான்கு இணைகள்வரை இப்படி ஓடும் நூல் பிறகு அறுந்துவிடுகிறது. தரையில் குப்புறக் கிடந்தவன் அடுத்த இணையில் எந்த இடைநிலையும் இன்றி நின்றுகொண்டிருக்கிறான். ஒரே ஆட்டமாக இருந்தால், அந்த இரு நிலைகளுக்கும் இடையே அவன் எப்படி எழுந்தான் என்பதையும் ஓவியர் காட்டியிருப்பார். எழுவது மற்போரில் மிகக் கடினமான செயல், அதற்கென்றே தனிப் பயிற்சி உண்டு. அதை அறிந்த ஒருவர் அதைத் தாண்டிச் சென்றிருக்கமாட்டார்.

மற்றொன்றையும் கவனித்தேன். எதிராளி விழுந்த இடத்தில் ஆட்டம் முடிந்துவிடவில்லை. தரையிலும் பிடி தொடர்கிறது. காலைப் பிடிக்கிறார்கள், பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிக்கொள்கிறார்கள், கழுத்தைக் கையிடுக்கில் அடக்குகிறார்கள், தலைகீழாகத் தூக்குகிறார்கள். இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது என்ற விதி அங்கு இருந்திருக்க முடியாது. வென்றவன் கை உயர்த்தி நிற்கும் காட்சியும் அங்கே இல்லை. ஒரு போட்டியின் கதையைச் சொல்ல வந்தவர் முடிவைச் சொல்லாமல் விடுவாரா?

ஆகவே இது பல பிடிகளின் திரட்டு என்றே கருதுகிறேன். ஒவ்வொரு பிடிக்கும் அதன் முன்னும் பின்னும் சில நிலைகளைச் சேர்த்து வரைந்திருக்கிறார்கள்.

தூரிகை

கோதாமண் அவர்கள் உடலைப் படித்தார், நான் கோட்டைப் படிக்கிறேன்.

எகிப்திய ஓவியத்தில் மனிதனை வரைவதற்கு இறுகிய மரபொன்று இருந்தது. முகம் பக்கவாட்டில், கண் நேர்முகமாக, தோள்கள் இரண்டும் விரிந்து, இடுப்பிலிருந்து கால்கள் மீண்டும் பக்கவாட்டில் இருக்கும். பிரபுவும் அவர் மனைவியும் படையல் மேசைக்கு முன் அமர்ந்திருக்கும்போது இம்மரபு அமைதியாகப் பொருந்துகிறது. ஆனால் ஒருவன் மற்றொருவன் தோளின் மேல் கவிழ்ந்து தொங்கும்போது, நான்கு கைகளும் நான்கு கால்களும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும்போது, ஒருவனுடைய முதுகு மட்டுமே நம் பக்கம் திரும்பியிருக்கும்போது, அந்த மரபால் என்ன செய்ய முடியும்? பெனி ஹசன் ஓவியர் அந்த இக்கட்டை இருநூறு முறைக்கு மேல் விரும்பி ஏற்றுக்கொண்டார் என்பதுதான் என்னை ஈர்க்கும் செய்தி. சில தோள்கள் மரபை மீறிச் சுருங்குகின்றன. சில முதுகுகள் உண்மையாகவே வளைகின்றன. ஓரிரு இடங்களில் ஓவியர் தோற்றுப்போனதும் தெரிகிறது. எந்தக் கை எவனுடையது என்று நாமும் குழம்புகிறோம். அந்த இடங்களையும் நான் மதிக்கிறேன்.

குழப்பத்தைத் தவிர்க்க அவர் கண்ட வழி நிறம். இணையில் ஒருவன் அடர்ந்த செம்பழுப்பிலும் மற்றவன் வெளிறிய செம்பழுப்பிலும் தீட்டப்பட்டிருக்கிறான். இதனால் முடிச்சுப்போல் பின்னிய உடல்களைக் கண் தானாகவே பிரித்துக்கொள்கிறது. இந்த வழி இல்லையென்றால் அச்சுவர் வெறும் கைகால்களின் குவியலாகவே தெரியும்.

அடுத்தடுத்த இணைகள் ஓரளவு தொடர்வது ஓவியரின் வசதியாலும் நேர்ந்திருக்கலாம் என்பதைச் சேர்த்துச் சொல்கிறேன். ஒரு நிலையை வரைந்து முடித்த கைக்கு அதிலிருந்து சற்றே மாறிய நிலையை வரைவது எளிது. முற்றிலும் புதிய நிலைக்குத் தாவுவது கடினம்.

அகல்விளக்கு

புதியவன் ஒருவனின் ஐயம். நான் பார்த்த பழைய அச்சுப் படங்களில் இருவருள் ஒருவர் முற்றிலும் கருப்பாக நிரப்பப்பட்டிருக்கிறார். அவர் எகிப்துக்குத் தெற்கே வாழ்ந்த நூபியர், மற்றவர் எகிப்தியர் என்று எண்ணியிருந்தேன். அது தவறா?

சுவடி

அகல்விளக்கு அவர்களே, பெனி ஹசனைப் பொறுத்தவரை அது தவறு. ஆனால் அந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்துகொள்வது பயனுள்ளது.

இச்சுவர்களை 1828-29இல் சம்போலியோன், ரோசெலினி ஆகியோரின் பயணக் குழு பார்த்துப் படியெடுத்தது. முறையான முழுப் பதிவு 1890இல் எகிப்து அகழாய்வு நிதியத்தின் சார்பில் பெர்சி நியூபெரியின் தலைமையில் தொடங்கியது. அடுத்த ஆண்டு அக்குழுவில் உதவி ஓவியராகச் சேர்ந்தவர் 17 வயது ஹோவர்ட் கார்ட்டர்; பின்னாளில் துத்தன்காமுனின் கல்லறையைக் கண்டறிந்த அதே கார்ட்டர். எகிப்தில் அவருடைய முதல் வேலை இக்குன்றில்தான் தொடங்கியது. சுவரின்மேல் தாளை விரித்துப் பென்சிலால் கோடுகளைப் படியெடுத்தார்கள். அத்தாள்கள் இங்கிலாந்துக்குச் சென்று, அங்கே வேறு கைகளால் மையிடப்பட்டு, பெரிதும் சிறிதாக்கப்பட்டு 1893இல் அச்சேறின. உருவங்களை உள்விவரம் இல்லாத நிழலுருக்களாக நிரப்பிய இம்முறை கார்ட்டருக்கு நிறைவளிக்கவில்லை.

நாம் இணையத்தில் காணும் கறுப்பு உருவங்களில் பல அந்த அச்சிலிருந்து வந்தவை. சுவரில் தூரிகை அவர்கள் சொன்னபடி இரண்டு செம்பழுப்புகளே உள்ளன. இருவருமே அப்பகுதி ஆடவர்கள்; இருவரின் முடியும் கச்சையும் ஒரேவிதமானவை. 2009 முதல் ஆஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழகக் குழு, நகீப் கனவாத்தி தலைமையில், இக்கல்லறைகளை வண்ணத்தோடு மீண்டும் பதிவு செய்திருக்கிறது. அப்படங்களைப் பார்த்த பிறகு பழைய நிழலுருக்களுக்குத் திரும்ப மனம் வராது.

நூபியரும் எகிப்தியரும் பொருதும் காட்சிகள் உண்மையில் உண்டு. ஆனால் அவை பல நூறு ஆண்டுகள் பிற்பட்டவை.

மீள்பார்வை

இதுவரை எல்லோரும் மல்லர்களை மட்டுமே பார்க்கிறீர்கள். சற்றுக் கீழே பார்க்க வேண்டுகிறேன்.

அதே கிழக்குச் சுவரில், மல்லர் வரிசைகளுக்கு நேர் கீழே, ஒரு கோட்டை முற்றுகையிடப்படுகிறது. வில்லாளர்கள் அம்பு தொடுக்கிறார்கள், மதிலின் மேலிருந்து காவலர்கள் எதிர்க்கிறார்கள், வீரர்கள் விழுந்து கிடக்கிறார்கள். பாகெத், கெத்தி, அமெனெம்ஹத் மூவரின் கல்லறைகளிலும் மற்போரும் முற்றுகையும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்கின்றன. மூன்று ஆளுநர்கள் ஒரே அமைப்பை மீண்டும் தீட்டச் செய்தார்கள் என்றால் அது தற்செயலாக இருக்க முடியாது.

மாவட்ட ஆளுநர்களின் காலத்தை நினைவில் கொள்ள வேண்டும். எகிப்து இரண்டாகப் பிளந்து, ஹெராக்லியோபோலிஸ் ஒரு பக்கமும் தீப்ஸ் ஒரு பக்கமும் போரிட்டு, இரண்டாம் மென்துஹோதெப் நாட்டை ஒன்றாக்கிய காலம் அப்போது நெடுந்தொலைவில் இல்லை. ஒவ்வொரு ஆளுநரும் தம் மாவட்டத்து இளைஞர்களைத் திரட்டிப் படை வைத்திருந்தார். அமெனெம்ஹத்தின் கல்லறை வாசலில் உள்ள கல்வெட்டு, முதலாம் செனுஸ்ரெத்தின் 43ஆம் ஆட்சியாண்டைக் குறிப்பிடுகிறது. நூபியாவிலிருந்த கூஷ் நாட்டுக்கு எதிரான படையெடுப்பில் தாம் சென்றதையும், பொன் கொண்டுவர 400 வீரர்களோடு சென்று ஒருவரையும் இழக்காமல் திரும்பியதையும் அவர் அதில் பெருமையோடு சொல்கிறார். அந்த மனிதருடைய சுவரில் 59 இணை மல்லர்கள் இருக்கிறார்கள் என்றால், அவர்களை நான் அந்த 400 பேரின் பயிற்சிக்களமாகத்தான் பார்க்கிறேன்.

ஆகவே என் விடை: இது படைப்பயிற்சி. விளையாட்டு என்ற சொல்லே இங்கு நம்மைத் தவறான வழியில் இழுத்துச் செல்கிறது.

தூரிகை

மீள்பார்வை அவர்கள் சுவரின் கீழ்ப்பகுதிக்கு நம் கண்ணைத் திருப்பியதற்கு நன்றி. ஆனால் முழுமையாக உடன்பட இயலவில்லை. அதே பாகெத், கெத்தி கல்லறைகளில், பந்துகளை மாறி மாறி எறிந்து பிடிக்கும் பெண்களும், ஒருத்தி முதுகில் மற்றொருத்தி அமர்ந்து பந்தாடும் பெண்களும் தீட்டப்பட்டிருக்கிறார்கள். அவர்களை எந்தப் படையில் சேர்ப்பது?

இன்னும் பின்னோக்கிச் செல்வோம். பெனி ஹசனுக்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன், 5ஆம் வம்சத்தின் இறுதியில், சக்காராவில் உயர் அமைச்சர் ப்தாஹோதெப்பின் கல்லறை எழுந்தது. அதில் ஆறு இணைச் சிறுவர்கள் மற்போர் புரிகிறார்கள். எகிப்தின் மற்போர்ச் சித்திரங்களுள் மிகப் பழையவற்றில் ஒன்று இது. அச்சிறுவர்களில் ஒருவன் பெயர் அகெத்ஹோதெப் என்று பொறித்திருக்கிறார்கள். அவன் ப்தாஹோதெப்பின் மகன். தந்தையின் கல்லறைச் சுவரில் மகன் நண்பனோடு கட்டிப் புரள்கிறான். இதைப் படைத்தளம் என்று சொல்ல எனக்கு மனம் துணியவில்லை.

அதே கல்லறையில் படகோட்டிகள் நீண்ட கழிகளால் ஒருவரையொருவர் நீரில் தள்ள முயலும் காட்சியும் உண்டு. அதன் அருகே ஒரு படகில் அமர்ந்து உணவும் பானமும் பெறும் ஒருவரின் மேல், தலைமைச் சிற்பி நியங்க்ப்தா என்று எழுதியிருக்கிறது. அச்சுவரைச் செதுக்கியவரே அவர் என்றுதான் பலரும் கருதுகிறார்கள். பெயர் தெரியாத கைகளின் கலை என்று நாம் சொல்லிப் பழகிய எகிப்தில், ஒரு சிற்பி தன்னை ஒரு சண்டை விளையாட்டின் பார்வையாளனாக அமர்த்திக்கொண்டதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி பொங்குகிறது.

மீள்பார்வை

சக்காரா சான்று வலிமையானது, ஏற்றுக்கொள்கிறேன். சிறுவர்களின் விளையாட்டாக இருந்தது ஆளுநர்களின் காலத்தில் வீரர்களின் பயிற்சியாகவும் வளர்ந்தது என்று என் கூற்றைத் திருத்திக்கொள்கிறேன். ஆனால் முற்றுகைக் காட்சியை எவரும் புறக்கணிக்கக் கூடாது என்பதில் மாற்றமில்லை.

சுவடி

அகல்விளக்கு அவர்களுக்குச் சொன்னபடி, புதிய அரசு காலத்துக்கு (ஏறத்தாழ கி.மு. 16 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை) வருகிறேன். பெனி ஹசனைப் பார்த்த கண்ணோடு அக்காலச் சுவர்களைப் பார்க்கும் எவருக்கும் ஒரு மாற்றம் உடனே புலப்படும். எண்ணிக்கை சுருங்குகிறது, ஆனால் ஒவ்வொரு மல்லனும் எந்த நாட்டவன் என்பது துலக்கமாகிறது.

நான்காம் துத்மோஸ் காலத்துப் படை எழுத்தர் ஜானுனியின் தீப்ஸ் கல்லறையில் நூபிய வீரர்கள் அணிவகுத்து நடக்கிறார்கள். அவர்களுள் ஒருவன் ஏந்திய கொடிக்கம்பத்தின் உச்சிச் சின்னத்தில் இரு மல்லர்கள் பொருதுகிறார்கள். ஒரு படைப்பிரிவு தன்னை அடையாளப்படுத்த மற்போரைத் தேர்ந்தது என்றால், நூபியரின் மற்போர்ப் புகழ் எகிப்தில் எவ்வளவு ஊன்றியிருந்தது என்று எண்ணிப் பாருங்கள். அமர்னாவில் இரண்டாம் மெர்ரேயின் கல்லறையில், அகெனாத்தனின் 12ஆம் ஆட்சியாண்டில் அயல்நாட்டார் திறை கொண்டுவரும் பெருவிழா செதுக்கப்பட்டிருக்கிறது. அரசரும் அரசியும் அமர்ந்திருக்க, திறைப்பொருள்களுக்கிடையே மற்போரும் கோல்சண்டையும் நடக்கின்றன.

இவற்றின் உச்சம் மெதினெத் ஹபு. மூன்றாம் ராம்செஸ், கி.மு. 12ஆம் நூற்றாண்டில், தீப்ஸின் மேற்குக் கரையில் எழுப்பிய அக்கோயிலின் முதல் முற்றத்தில், தெற்குப் பக்கம் அரண்மனையின் முகப்பாக அமைந்துள்ளது. அங்கே அரசர் மக்களுக்குக் காட்சி தரும் சாளரம் உள்ளது. சாளரத்தின் அடியில் பகைநாட்டாரின் தலைகள் புடைத்து நிற்குமாறு செதுக்கப்பட்டிருப்பதால், அங்கு வந்து நிற்கும் அரசர் அவற்றை மிதித்து நிற்பதுபோலத் தோன்றும். அதன் கீழேதான் மல்லர்களும் கோல்சண்டை வீரர்களும் வரிசையாகப் பொருதுகிறார்கள். ஒரு பக்கம் எகிப்தியன். எதிரே நூபியன், லிபியன் அல்லது ஆசியன். இரு முனைகளிலும் அரசவையினரும் அயல்நாட்டுத் தூதர்களும் நின்று பார்க்கிறார்கள்.

உருவங்களுக்கு அருகே அவர்களுடைய பேச்சும் பொறிக்கப்பட்டிருக்கிறது. பார்வோனின் முன்னிலையில் உன்னை வீழ்த்துவேன் என்று எகிப்தியன் நூபியனிடம் சூளுரைக்கிறான். மற்றோரிடத்தில், கவனமாக இரு, உன் தலைவராகிய பார்வோனின் முன் நிற்கிறாய் என்ற எச்சரிக்கை வருகிறது. வென்றவன் கைகளை உயர்த்தி நிற்கிறான். கோதாமண் அவர்கள் பெனி ஹசனில் தேடிக் காணாத அந்த வெற்றிக் காட்சி இங்கே இருக்கிறது. எல்லா இடத்திலும் வென்றவன் எகிப்தியன்.

கோதாமண்

சுவடி அவர்களின் இடுகையைப் படித்தபின் மெதினெத் ஹபுவின் கோட்டுப் படங்களைத் தேடிப் பார்த்தேன். மல்லன் என்ற முறையில் எனக்கு வருத்தமே உண்டாயிற்று.

பெனி ஹசனில் இருவரும் சமமானவர்கள். ஒரு பிடியில் அடர்நிறத்தான் மேலே இருப்பான், அடுத்ததில் வெளிர்நிறத்தான். பிடிக்கு மாற்றுப் பிடி உண்டு, விழுந்தவனுக்கும் வழி உண்டு. அச்சுவரின் முன் நின்று ஒருவன் கற்றுக்கொள்ள முடியும். மெதினெத் ஹபுவில் கற்றுக்கொள்ள எதுவுமில்லை. பிடிகள் சில உண்மையானவைதான்; காலை வாரித் தூக்கும் நிலை ஒன்று மிக நன்றாகவே செதுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் முடிவை முன்னதாகவே எழுதிவைத்த ஆட்டத்தில் பிடிக்கு என்ன வேலை? நூபியன் தன் நாட்டில் தேர்ந்த மல்லன், அவனுடைய படைப்பிரிவின் கொடியிலேயே மற்போர் இருக்கிறது. அப்படிப்பட்டவன் அரசன் முன் ஒருமுறையும் வெல்லவில்லை என்று கல்லில் எழுதினால் எந்த மல்லனும் நம்பமாட்டான்.

மீள்பார்வை

கோதாமண் அவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அச்சுவர் மல்லர்களுக்காகச் செதுக்கப்பட்டதல்ல. கோயிலின் வெளிச்சுவர்களில் லிபியரையும் கடலோடி மக்களையும் ராம்செஸ் வெல்லும் பெரும்போர்க் காட்சிகள் உள்ளன. சாளரத்தின் கீழுள்ள சண்டைகள் அதே செய்தியைச் சிறிய உடல்களில் சொல்கின்றன. பெனி ஹசனில் மற்போரும் போரும் மேலும் கீழுமாக நின்றன. மெதினெத் ஹபுவில் மற்போரே போராகிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. இத்தனை காட்சிகளில் எங்காவது அரசர் தாமே மற்போர் புரிகிறாரா? இல்லை. இரண்டாம் அமென்ஹோதெப் தம் ஸ்பிங்ஸ் கல்வெட்டில் துடுப்பு வலித்ததையும் செப்புத் தகடுகளை அம்பால் துளைத்ததையும் விரிவாகச் சொல்கிறார். ஆனால் ஒரு மனிதனோடு கைகலந்ததாகச் சொல்லவில்லை. மற்போருக்கு நிகரான எதிராளி வேண்டும். அரசருக்கு நிகர் உண்டு என்று எகிப்தின் கல்லில் எவரும் செதுக்கமாட்டார்கள்.

அகல்விளக்கு

கோல்சண்டை, குத்துச்சண்டை ஆகியவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டுகிறேன். இன்று மேல் எகிப்தில் ஆடப்படும் தஹ்தீப் என்ற கோலாட்டம் பார்வோன் காலத்திலிருந்தே இடையறாமல் வருகிறது என்கிறார்களே?

சுவடி

குத்துச்சண்டை எகிப்தியக் கலையில் மிக அரிது. நன்கு அறியப்பட்ட காட்சி தீப்ஸில் கெருயெஃப்பின் கல்லறையில் உள்ளது. மூன்றாம் அமென்ஹோதெப்பின் ஆட்சி விழாவில், நிலைபேற்றின் சின்னமான ஜெத் தூணை நிமிர்த்தும் சடங்கு நடக்கிறது. அதன் கீழே ஆடவர்கள் முட்டியை உயர்த்தி இணை இணையாக நிற்கிறார்கள், வேறு சிலர் பாப்பிரஸ் என்ற நாணல் போன்ற செடியின் தண்டுகளால் பொருதுகிறார்கள். அவர்கள் பெ ஊரார், தெப் ஊரார் என்று பெயர் எழுதப்பட்டிருக்கிறது. அவ்விரண்டும் கழிமுகப் பகுதியில் புத்தோ நகரின் இரு பாதிகள். இங்கே சண்டை வழிபாட்டின் உறுப்பு, வெற்றி தோல்வி தூணின் எழுச்சிக்கு உட்பட்டது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ், பாப்ரெமிஸ் என்ற ஊரில் தெய்வத்தின் திருவுருவம் கோயிலுக்குத் திரும்பும்போது இரு கூட்டத்தார் தடிகளால் மோதிக்கொண்டதை எழுதியிருக்கிறார். தலைகள் உடைந்து பலர் இறந்திருப்பர் என்று அவர் எண்ண, எவரும் இறப்பதில்லை என்று எகிப்தியர் சொன்னார்களாம். அம்மரபின் நீளத்தை இவற்றிலிருந்து உணரலாம்.

தஹ்தீப்பை யுனெஸ்கோ 2016இல் மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பழைய கோல்சண்டையோடு அதற்கு உறவு இருக்க வாய்ப்புண்டு. ஆயினும் சுவரில் இருப்பதை அப்படியே பார்ப்போம். மெதினெத் ஹபு வீரன் கைக்காப்பு உள்ள குட்டையான கோலை ஒரு கையில் பிடித்து, மற்றொரு முன்கையில் காப்புப் பலகையைக் கட்டி அதனால் அடியைத் தடுக்கிறான். இன்றைய தஹ்தீப்பின் கோல் நீளமானது. முன்கைக் காப்பு இல்லை. இசையோடு சுற்றிவரும் ஆட்டத்தன்மை மிகுதி. ஆகவே இடையறாத மரபு என்று உறுதியாகச் சொல்ல நான் தயங்குவேன்.

சூடானின் நூபா மலை மக்களின் மற்போரைப் பற்றியும் இதே தயக்கம் எனக்கு உண்டு. அவர்களுடைய மற்போர் உலகப் புகழ் பெற்றது, மாண்பு மிக்கது. ஆனால் நூபா மலை கோர்டோஃபானில் உள்ளது, பழைய நூபியா நைல் கரையில் உள்ளது. பெயர் ஒலிப்பதைக் கொண்டு மூவாயிரம் ஆண்டுகளைத் தாண்டிப் பாலம் கட்டிவிட முடியாது.

தூரிகை

இழையின் முதற் கேள்விக்குத் திரும்ப ஒரு பொருள் நினைவுக்கு வந்தது. சுவடி அவர்கள் அதைப் பற்றிச் சொன்னால் நன்று: ஆக்ஸிரிங்கஸ் ஊரில் கிடைத்த பாப்பிரஸ் ஏடுகளில் ஒரு மற்போர்ப் பாடம் உண்டல்லவா?

சுவடி

உண்டு. அதை நினைவூட்டியதற்கு நன்றி. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கிரேக்கப் பாப்பிரஸ் துண்டு ஆக்ஸிரிங்கஸில், அதாவது இன்றைய அல்-பஹ்னசாவில் கிடைத்தது; இப்போது நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உள்ளது. பயிற்சியாளர் இரு மாணவர்களிடம் மாறி மாறிக் கட்டளையிடுகிறார். நீ பக்கவாட்டில் நில், நீ அவன் தலையை வலக்கையால் பிடி, நீ காலைக் குறுக்கே வை, நீ திரும்பு. கட்டளைத் தொகுதிகளின் முடிவில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறது. அதன் நேர்ப்பொருள் ‘பின்னு’ என்பது. கூடை பின்னுவதைப்போல உடல்களைப் பின்னிக்கொள் என்கிறார்.

அல்-பஹ்னசாவும் இன்றைய மின்யா மாகாணத்தைச் சேர்ந்ததே. ஒரே மாகாணத்தில், இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில், ஒரு பக்கம் சொற்களே இல்லாமல் படமாக மட்டும் நிற்கும் பிடிகள், மறுபக்கம் படமே இல்லாமல் சொற்களாக மட்டும் நிற்கும் பிடிகள். இரண்டுக்கும் இடையே வழித்தொடர்பு இருந்தது என்று நான் சொல்லவில்லை. அந்தப் பாப்பிரஸ் கிரேக்க உடற்பயிற்சிக் கூடத்தின் மரபைச் சேர்ந்தது. ஆனால் மற்போரைக் கற்பிப்பவர் அதை எவ்வாறு துண்டாக்குகிறார் என்பதை அது காட்டுகிறது. மூன்று நான்கு அசைவுகள், பிறகு ஒரு நிறுத்தம். மீண்டும் மூன்று நான்கு அசைவுகள், பிறகு ஒரு நிறுத்தம்.

கோதாமண்

எங்கள் வாத்தியாரும் அப்படித்தான் கற்றுக்கொடுத்தார். முழு ஆட்டத்தை எவரும் கற்றுக்கொடுப்பதில்லை. ஒரு பிடி, அதற்குரிய மாற்று, அந்த மாற்றுக்கு ஒரு மாற்று. அத்தோடு நிறுத்தி, எழுந்து நின்று, மீண்டும் முதலிலிருந்து. குப்புறக் கிடந்தவன் அடுத்த இணையில் நின்றுகொண்டிருப்பது ஏன் என்று நான் கேட்டேன் அல்லவா, என் கேள்விக்கு என் பயிற்சியிலேயே விடை இருந்திருக்கிறது. வாத்தியார் நிறுத்தச் சொன்னார், அவன் எழுந்து நின்றான்.

நைல்கரை

அனைவருக்கும் நன்றி. ஒரே ஆட்டம் என்ற என் கருத்தைக் கைவிடுகிறேன். ஆனால் வெறும் பட்டியல் என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. பட்டியலில் முதல் மனிதன் கச்சை கட்டிக்கொள்ள வேண்டிய தேவை இல்லை. சிறு சிறு தொடர்களாகப் பிரித்துக் காட்டிய பயிற்சி என்பதே இப்போது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அது படைக்கான பயிற்சியா, ஊர் இளைஞர்களின் பயிற்சியா என்பதில் மீள்பார்வை, தூரிகை இருவரின் வாதங்களும் என் மனத்தில் இன்னும் எதிரெதிரே நிற்கின்றன. பாகெத்தின் மாவட்டத்தில் அவ்விரு கூட்டமும் ஒரே இளைஞர்களாகவே இருந்திருக்கவும் கூடும்.

மக்குவாரி குழுவின் வண்ணப் பதிவைக் கொண்டு 15ஆம் கல்லறையின் மேல் வரிசையிலிருந்து ஒவ்வோர் இணைக்கும் எண்ணிட்டு, தொடர்ச்சி எந்தெந்த இடத்தில் அறுகிறது என்று குறிக்கத் தொடங்கியிருக்கிறேன். முதல் வரிசையை இவ்வார இறுதிக்குள் இதே இழையில் இடுகிறேன். கோதாமண் அவர்கள் பிடிகளைச் சரிபார்த்துத் தர வேண்டும். எந்தக் கை எவனுடையது என்று தெரியாத இணைகளைத் தூரிகை அவர்களுக்குத் தனியே எடுத்து வைக்கிறேன்.